வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடிய அம்மையார்

சென்னை மாநகரின் தென்பகுதியில் கடலோரமாக விளங்கும் திருவான்மியூர், தேவாரப் பாடல் பெற்ற பழம்பெருந்தலம். வான்மீகி முனிவர் வழிபட்டமையால் அவ்வூர் அப்பெயர் பெற்றது என்பது வழிவழி வரும் ஐதிகம். அன்பு கொண்டு இணைந்திருந்த இரு பறவைகளுள் ஒன்றை வேடனொருவன் எய்து வீழ்த்த, மற்றொன்று கதறிய ஓலத்தைக் கேட்டு அம்முனிவர் உள்ளம் நைந்தார் என்றும், அத்துயரமே சுலோக வடிவாய் வெளிப்பட்டு ஆதிகாவியமாகிய இராமாயணத்துக்கு வித்தாயிற்று என்றும் பெரியோர் கூறுவர். அத்தலத்து இறைவனுக்கு மருந்தீசர் என்ற திருநாமத்தோடு பால்வண்ணநாதர் என்ற திருநாமமும் உண்டு. காமதேனு நாள்தோறும் வந்து தானே பால் சொரிந்து வழிபட்டது என்றும், ஒருநாள் வான்மீகியாரைக் கண்டு மிரண்டு ஓடுங்கால் அதன் குளம்பு இலிங்கத் திருமேனியின் மீது பட்டது என்றும் தலபுராணம் கூறும். தன்மேல் மிதித்த பசுவை இறைவன் முனிந்தானில்லை.

அம்புபட்ட பறவைக்காக இரங்கிய முனிவரின் பெயரைத் தாங்கிய அவ்வூரில், வாயில்லா ஜீவன்களுக்காக இரங்குவதையே வாழ்வின் பாதியாகக் கொண்ட ஓர் அம்மையார் வாழ்ந்தார். அவர் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியம் என்றால் அவர் பெயரை நினையாதார் இலர். ஆயினும் அவர் இந்நாட்டுக்கு அளித்த மற்றொரு கொடையைக் கலையுலகமும் முழுவதும் அறியவில்லை. ஆஸ்திக உலகமும் அறியவில்லை. கறவைப் பசு, வண்டிமாடு, ஆடு, கோழி முதலாகிய வாயில்லாப் பிராணிகளுக்கென்று சுதந்திர பாரதத்தில் ஒரு சட்டம் உண்டாவதற்குக் காரணமாய் நின்றவர் அவர். ஆலயத்துக்குப் பாலும் பசுவும் வழங்கும் அன்பர்கள் கையில் தவழும் இம்மலரில் அவ்வம்மையாரின் சரிதத்தை எழுதுவது பொருத்தமே என்று கருதுகிறோம்.

மதுரையம்பதியில் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 29-ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொதுப்பணித் துறையில் எஞ்சினீயராக இருந்தவர். வடமொழிப் புலமை மிக்கவர். தாயார் சேஷம்மாள் சங்கீதத்தில் தோய்ந்த உள்ளம் படைத்தவர். சாஸ்திரியார் பிரம்மஞான சபையின் கொள்கைகளில் ஈடுபட்டு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அடையாற்றில் அச்சபையின் தலைமை நிலையத்துக்கு அண்மையில் குடும்பத்தோடு குடியேறினார். 1875-இல் அமெரிக்க நாட்டில் நியூயார்க் நகரில் தோன்றிய அச்சபை 1882-இல் அடையாற்றங்கரையில் இடம் வாங்கித் தன் நிலையத்தை அமைத்துக்கொண்டிருந்தது. அன்னி பெசன்ட் அம்மையாரின் தலைமையில் பல தேசத்தாரும் அங்கே கூடி வாழ்ந்தனர். புலால் உண்டு வளர்ந்த மேனாட்டாரும், எல்லா உயிரும் ஓருயிரே என்ற கொள்கையை ஏற்று, அவ்வுணவை விட்டு அங்கே தங்கியிருந்தனர். சிறுமியாகிய ருக்மிணி இதைக் கண்டு வளர்ந்தார்.

இங்கே ஒன்று கூற விரும்புகிறோம். புலால் உண்ணாமை நம்மவருள் பலர்க்குப் பிறப்பால் வந்த பழக்கம். அதன்பொருட்டு நாம் எதையும் துறந்ததில்லை. எனவே அடுக்களை தூயது என்ற நிறைவோடு நின்றுவிடுகிறோம். வாசலில் வண்டிமாட்டின் கழுத்துப் புண்ணில் ஈ மொய்ப்பதைக் காணாது கடந்து செல்கிறோம். மேனாட்டு அன்பர்களோ ஆராய்ந்து, இரங்கி, விட்டவர்கள். பழக்கத்தால் சைவராய்ப் பிறந்த பெண்மணி, இரக்கத்தால் சைவரானவர்களின் நடுவே வளர்ந்தார் என்பதே அம்மையாரின் பிற்கால வாழ்வுக்குத் திறவுகோல் என்பது எம் கருத்து.

1920-ஆம் ஆண்டில், பதினாறு வயது நிறைந்த அவரை ஜார்ஜ் சிட்னி அருண்டேல் என்ற ஆங்கிலேயர் மணம் புரிந்தார். அருண்டேல் காசியில் மத்திய ஹிந்து கல்லூரியின் தலைவராக இருந்த கல்விமான். பெசன்ட் அம்மையாரின் அணுக்கத் தொண்டர். மணமகளினும் இருபத்தைந்து ஆண்டு மூத்தவர். அக்காலத்து வைதிக சமூகம் கொதித்தெழுந்தது. இகழ்ச்சியும் விலக்கும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வந்தன. அவற்றையெல்லாம் அவர் விடையிறுக்காமலே தாங்கினார். ஊரார் நகைப்புக்கு அஞ்சாத அவ்வுறுதி அவருக்குப் பின்னாளில் இருமுறை தேவைப்பட்டது.

முதன்முறை தேவைப்பட்டது கலைக்காக. அக்கதை பலரும் அறிந்ததாதலின் சுருங்கச் சொல்வோம். 1928-ஆம் ஆண்டு ருஷ்ய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. சொந்த நாட்டுக் கலையைத் தேடும்படி பாவ்லோவா தூண்டினார். சென்னைச் சங்கீத வித்வத் சபையில் சதிர் நடனம் கண்டு உள்ளம் பறிகொடுத்த அம்மையார், மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடமும் அதனைப் பயின்று, 1935-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்றில் அரங்கேறினார். மறு ஆண்டு ஜனவரியில் தோன்றியதே கலாக்ஷேத்திரம். வழிவழியாக அக்கலையைக் காத்து வந்த தேவரடியார் குலத்தாரின் பங்கை இக்கதையில் மறப்பது நன்றி கொன்றதாகும். தமிழுக்கும் அவர் தொண்டு உண்டு. உ. வே. சாமிநாதையர் அவர்கள் மறைந்தபின் அவர் தொகுத்த ஏடுகளும் நூல்களும் சிதறாவண்ணம் 1943-இல் அவர் பெயரால் நூல் நிலையம் அமைந்தது அம்மையாரின் முயற்சியாலேயாம்.

1945-ஆம் ஆண்டு அருண்டேல் மறைந்தார். நாடு சுதந்திரம் அடைந்தபின், 1952-இல் ராஜ்ய சபை முதன்முதல் கூடியபோது, கலைத்துறையில் சிறந்தவர் என்ற முறையில் ராஷ்டிரபதி அம்மையாரை அச்சபைக்கு நியமித்தார். 1956-இல் மீண்டும் நியமனம் பெற்று 1962 வரை அங்கே வீற்றிருந்தார். கலைஞராக அனுப்பப்பெற்றவர் கலைக்கு மானியம் கேட்பார் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். அவரோ மாட்டுக்கும் ஆட்டுக்கும் நியாயம் கேட்க எழுந்து நின்றார். இரண்டாம் முறை அவ்வுறுதி தேவைப்பட்டது இங்கேதான்.

அக்காலத்தில் பிராணிகளைக் காக்க நாட்டில் இருந்த சட்டம் 1890-ஆம் ஆண்டு ஆங்கிலேய சர்க்கார் இயற்றியது. இங்கிலாந்தில் 1822-லேயே மாடு முதலியவற்றை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்துவிட்டது. கல்கத்தாவில் 1861-இல் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் ஏற்பட்டது. அவற்றின் வழியே வந்த 1890-ஆம் ஆண்டுச் சட்டம் அரைகுறையானது; அரசாங்கம் அறிவிக்கை செய்த இடங்களுக்கே செல்லுபடியாவது; அறுபது ஆண்டுப் பழமையால் வலியிழந்தது. 1953-ஆம் ஆண்டில் அம்மையார் தனி உறுப்பினர் மசோதாவாகப் பிராணிவதைத் தடுப்பு மசோதாவொன்றைக் கொணர்ந்தார். ஆளுங்கட்சியைச் சாராத நியமன உறுப்பினர் ஒருவர் கொணரும் மசோதா நிறைவேறுவது அரிதென்று அவர் அறியாதவர் அல்லர். வறியவர்க்குச் சோறில்லாத நாட்டில் மாட்டுக்குச் சட்டமா என்ற ஏளனம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

1954-இல் மசோதா விவாதத்துக்கு வந்தது. பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு அவர்கள் எழுந்து, அம்மையாரின் நோக்கத்தைப் பெரிதும் பாராட்டி, இப்பொருளை முழுவதும் ஆராய்ந்து சர்க்காரே விரிவானதொரு மசோதாவைக் கொணரும் என்று உறுதியளித்து, இம்மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். அம்மையார் இசைந்தார். தோல்வி என்று கருதத்தக்கதே அது. சர்க்காரின் உறுதிமொழி ஏட்டோடு போவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! ஆனால் அம்மையார் விட்டாரில்லை. கமிட்டி அமைந்தது, ஆராய்ந்தது, ஆண்டுகள் ஓடின. தம் பெயரால் வரவேண்டிய சட்டம் சர்க்காரின் பெயரால் வருவதில் அவருக்கு மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை. 1960-ஆம் ஆண்டின் இறுதியில், அவ்வாண்டின் 59-ஆம் சட்டமாகப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் கூறுவது என்ன? பிராணியை அடித்தல், உதைத்தல், அளவுக்கு மிஞ்சி ஓட்டுதல், பாரம் ஏற்றுதல், நோயுற்றதை வேலை வாங்குதல், அசைய இயலாத கூண்டில் அடைத்தல், குறுங்கயிற்றில் நெடுநேரம் கட்டிவைத்தல், துன்புறும்படி வண்டியில் ஏற்றிச் செல்லுதல், உடையவனே உணவும் நீரும் நிழலும் தராதிருத்தல் ஆகியவை குற்றம். பிறிதொரு பிரிவு கறவை மாடுகளைப் பற்றியது; எழுதவும் கை கூசுவது. பூக்கா என்று வடநாட்டில் வழங்கிய ஒரு முறை உண்டு. மாட்டின் பின்னுறுப்பில் காற்றையோ வேறு பொருளையோ செலுத்தி, அது கன்றுக்கென்று அடக்கி வைத்த கடைசித் துளிப் பாலையும் வெளியே வரச் செய்வது அது. இக்கொடுமைக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதித்தது சட்டம். மாட்டையே சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம் என்றும் கூறிற்று. பால் சுரக்க ஊசி போடுதலும் பிற்காலத்துத் திருத்தத்தால் இதில் அடங்கியது. மகாத்மா காந்தியவர்கள் 1912-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பால் அருந்துவதை விட்டமைக்கு, கல்கத்தாவில் மாடுகள் படும் இத்தகைய வதையைப் பற்றி அறிந்ததும் ஒரு காரணம். பின்னர்க் கடும் நோயுற்றபோது ஆட்டுப்பால் அருந்த இசைந்து, அது தம் விரதத்தின் ஆன்மாவுக்கு இழுக்கன்றோ என்று நெடுநாள் வருந்தினார்.

சிவாலயத்தில் சண்டேசுவரர் சந்நிதியில் நின்று கைதட்டி விடைபெறாத சைவர் இல்லை. அவர் அப்பதவி பெற்ற வரலாற்றை அவ்வேளையில் நினைப்பவர் சிலரே. சேய்ஞலூரில் விசாரசருமர் என்ற அந்தணச் சிறுவர், ஆயன் ஒருவன் பசுவைக் கோலால் அடிப்பதைக் கண்டு பொறாது, அன்று முதல் தாமே நிரை மேய்க்க முன்வந்தார். அவர் அன்பினால் பசுக்கள் தாமே மகிழ்ந்து பால் சொரிந்தன. அப்பாலையே மணலால் அமைத்த இலிங்கத்துக்கு ஆட்டினார். காமதேனுவும் கட்டிக் கறக்கப்பட்டுத் திருவான்மியூரில் பால் தரவில்லை; தானே வந்து சொரிந்தது. புராணங்கள் போற்றும் பால் பசு மனமுவந்து தந்த பால். நாம் அபிஷேகத்துக்குக் கொணரும் பால் அத்தகையதுதானா என்பதை அம்மையாரின் சட்டத்துப் பன்னிரண்டாம் பிரிவைப் படித்தபின் எண்ணாதிருக்க முடியவில்லை. முன்னாளில் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறந்த பால்காரர், அதன் முன்னே வைக்கோல் திணித்த தோற்கன்று ஒன்றை நிறுத்தியதை நம்மில் வயது முதிர்ந்தோர் கண்டிருப்பர். இறந்த தன் கன்றின் தோலை நக்கிக்கொண்டு அப்பசு பால் விட்டது. அதை வேடிக்கை பார்த்த பிள்ளைகளுள் இதை எழுதுபவனும் ஒருவன்.

சட்டத்தின்படி மத்தியப் பிராணி நல வாரியம் 1962-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. அதன் தலைமை நிலையம் தில்லியில் அன்று, சென்னையிலே அமைந்தது. அதன் தலைமையை அம்மையார் ஏற்றார். அதே ஆண்டளவில்தான் கலாக்ஷேத்திரமும் அடையாற்றிலிருந்து திருவான்மியூர்ப் பக்கத்து மணற்பரப்பில் எழுந்த தன் சொந்த வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. ஒருபுறம் வான்மீகி இராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக வகுக்கும் பணி. 1955-இல் சீதா சுயம்வரத்தோடு தொடங்கிய அது 1970-இல் மகா பட்டாபிஷேகத்தோடு நிறைவெய்தியது. மறுபுறம் நாடெங்கணுமிருந்து வரும் முறையீடுகள். ஒத்திகை முடித்த கையோடு மாட்டு வண்டியின் பாரத்தைப் பற்றிய விதிகளை அவர் ஆராய வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே உள்ளத்தின் வேலை என்றே நாம் கருதுகிறோம். பறவைக்கு இரங்கியதால் பிறந்த காவியத்தை ஆடுவிப்பவர் பறவையை மறப்பது எங்ஙனம்?

வாரியத்தின் பணிகள் வெளிப்பகட்டற்றவை. 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, வண்டி இழுக்கும் மாட்டை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. தொடர்ந்தாற்போல் ஐந்து மணிக்கு மேல் ஓய்வின்றி ஓட்டலாகாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை பூட்டவே கூடாது. அக்கினி நட்சத்திர வெயிலில் சென்னைத் தார்ச்சாலையில் நுரை தள்ளி நின்ற மாடுகளைக் கண்டவர்க்கு இவ்விதியின் அருமை புரியும். 1978-ஆம் ஆண்டு விதிகள் கால்நடைகளை ஏற்றிச் செல்லும் முறையைப் பற்றியவை. லாரியொன்றில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றுதல் கூடாதென்பது அவற்றுள் ஒன்று.

இவ்விதி நம் பகுதியாரை நேரே தொடுவது. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்று பழைய நாற்காலியும் மண்சட்டியும் பூச்செடியும் விற்கின்றன. அது தொடக்கத்தில் கால்நடைச் சந்தை. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், நள்ளிரவுக்குப் பின் மாடுகளை நெருக்கி ஏற்றிய லாரிகள் செல்வதை இரவு வேலை முடிந்து திரும்பும் அன்பர்கள் அறிவர். படுக்க இடமின்றிக் கொம்போடு கொம்பு மோதிக் கட்டப்பட்டு, கீழே விழுந்ததை எழுப்ப வால் முறுக்கப்பட்டு அவை செல்கின்றன. அவை எங்கிருந்து வந்தவை? பெரும்பாலும் பால் வற்றிய பசுக்கள், உழவுக்கு வேண்டாத காளைகள். நேற்றுவரை ஏதோ ஒரு வீட்டின் காபிக்கும் தயிருக்கும் பால் தந்தவை. புலால் உண்பவரைக் குறை கூறுவது நமக்கு எளிது. பால் உண்ணும் நாம் அந்த லாரியின் வாடகையில் பங்குடையோம் என்பதை ஏற்பதுதான் கடினம்.

இச்சட்டத்தின் குறையும் அங்கேதான் இருக்கிறது. உணவின்பொருட்டு உயிரைக் கொல்வதை அது தடுக்கவில்லை. தேவையற்ற துன்பம் தருதலையே தடுக்கிறது. சூடு போடுதலும் காயடித்தலும் விதிப்படி செய்தால் குற்றமல்ல. சமயச் சடங்குக்காக அச்சமயம் வேண்டும் முறையில் கொல்லுதலும் குற்றமாகாது என்று 28-ஆம் பிரிவு கூறுகிறது. நம் மாநிலத்தில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950-லேயே தனிச் சட்டம் உண்டாகி, நெடுங்காலம் ஏட்டில் உறங்கி, 2003-இல் செயற்படுத்த முனைந்தபோது எதிர்ப்பு எழுந்து, 2004-இல் நீக்கப்பட்டதும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. சட்டத்தால் சாட்டையைப் பிடுங்கலாம். உண்கலத்துக்குள் சட்டம் நுழையாது.

ஆகவேதான் அம்மையார் உணவு நெறியிலும் ஊக்கம் காட்டினார். 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தோன்றிய உலக சைவ உணவாளர் சங்கத்தில், 1955 முதல் வாழ்நாளின் இறுதிவரை முப்பத்தோராண்டு உபதலைவராக இருந்தார். 1957-இல் அச்சங்கத்தின் மாநாடு முதன்முறையாகப் பாரத நாட்டில் கூடிப் பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை முதலிய நகரங்களில் நடந்தபோது அதில் முன்னின்றார். பால், நெய், தேன், தோல் ஆகியவற்றையும் விலக்கி வாழும் நெறியொன்று இங்கிலாந்தில் 1944-இல் சங்கமாக உருப்பெற்றிருந்தது. அதை இன்று தமிழில் நனிசைவம் என்று வழங்குகின்றனர். நம் பக்கத்து இளைஞர் சிலர் அந்நெறியை மேற்கொண்டு, நிலக்கடலைப் பாலில் மோரும், தேங்காய்ப் பாலில் பாயசமும் செய்து விருந்திடுகின்றனர். வீட்டுப் பெரியவர்கள் முதலில் முகம் சுளித்து, பின் இரண்டாம் முறையும் பாயசம் கேட்டு வாங்கியதை யாம் நேரில் கண்டதுண்டு.

அம்மையாரின் வாழ்வில் முரண் இல்லை என்று சொல்ல வரவில்லை. கலாக்ஷேத்திரத்தில் பட்டு நெசவு வளர்ந்தது. பட்டோ புழுவின் உயிர். மிருதங்கமின்றி நாட்டியமில்லை, மிருதங்கமோ தோல். கலையையும் ஜீவகாருண்யத்தையும் ஒருசேர மேற்கொண்ட எவரும் இச்சிக்கலில் அகப்படாமல் தப்ப இயலாது. வாரியம் தோன்றிய அதே 1962-இல் அவர் அரங்கேற்றிய நாட்டிய நாடகம் கண்ணப்பர் குறவஞ்சி என்பதும் எண்ணத் தக்கது. வேட்டையாடிய இறைச்சியைப் படைத்த வேடரின் அன்பைச் சைவ உணவுக்காக வாதாடியவர் மேடையேற்றினார். புலாலை வெறுத்தவர், புலால் உண்பவரை வெறுத்தாரில்லை என்று இதற்குப் பொருள் கொள்கிறோம். நம்மில் சிலர் இன்று நேர்மாறாக இருக்கிறோம்.

விருதுகள் பல வந்தன. 1956-இல் பத்மபூஷண், சங்கீத நாடக அகாடமியின் விருது, லண்டன் மாநகரத்துப் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் விக்டோரியா மகாராணி வெள்ளிப் பதக்கம். 1977-ஆம் ஆண்டு பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய் அவர்கள் ராஷ்டிரபதி பதவிக்கே அவர் பெயரை முன்மொழிய விரும்பினார். அம்மையார் ஏற்கவில்லை.

இதற்குள் சென்னையில் வேறு சிலரும் இத்தொண்டில் இறங்கியிருந்தனர். விமானியாகிய கேப்டன் சுந்தரம் அவர்கள், 1959-ஆம் ஆண்டு பெருமழையில் தியாகராய நகரின் தெருவெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அதிலிருந்து புளூ கிராஸ் என்ற சங்கம் வளர்ந்தது. கிண்டிக்கும் வேளச்சேரிக்கும் இடையே உள்ள அதன் காப்பகத்தில் நாய், பூனையோடு அடிபட்ட மாடுகளும் புகலிடம் பெறுகின்றன. லாரிகளை மறித்து மாடுகளை மீட்கும் இளைஞர் குழுக்களும் பின்னர்த் தோன்றின. அவர்கள் காவல் நிலையத்தில் எழுதித் தரும் ஒவ்வொரு முறையீட்டிலும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே முதல் வரியில் நிற்கிறது. மீட்ட மாட்டை எங்கே வைப்பது என்பதே அவர்கள் படும் பாடு. ஒரு மாட்டுக்கு அதன் ஆயுள் முழுவதும் வைக்கோலும் புல்லும் தண்ணீரும் வைத்தியமும் வேண்டும். கோதானம் செய்ய விரும்பும் தனவந்தர் புதிய பசுவொன்றைச் சந்தையில் வாங்கித் தருவதினும், முன்பே மீட்கப்பட்டு நிற்கும் கிழப்பசுவொன்றின் தீவனச் செலவை ஏற்பது அம்மையாருக்கு உவப்பாக இருந்திருக்கும் என்று நம்புகிறோம். பால் தராத பசுவும் பசுவே.

1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் சென்னையில் அம்மையார் இயற்கை எய்தினார். வாரியத்தோடு அவருக்கிருந்த தொடர்பு அதுவரை அறவில்லை. மறு ஆண்டு அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளிவந்தது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கலாக்ஷேத்திரம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. சென்னையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த பிராணி நல வாரியத்தின் தலைமை நிலையம் 2018-இல் ஹரியானா மாநிலத்துக்கு மாற்றப்பட்டது.

சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. பிராணியை வதைத்த முதற் குற்றத்துக்கு அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படலாகாது என்பது 1960-இல் எழுதிய வரம்பு. அன்று அது வண்டிக்காரர் ஒருவரின் பல நாட்கூலி. அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அத்தொகை உயர்த்தப்படவில்லை. அபராதத்தை மட்டும் பார்த்தால், தாம்பரத்தில் பிடிபட்ட லாரிக்காரர் பரனூர்ச் சுங்கச்சாவடியில் செலுத்தும் கட்டணம் அதைவிட மிகுதி.